தனுஷ்கோடியில் ஓர் ஓலைக் கொட்டகைச் சாப்பாடு

இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் வழியில், இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குடும்பம் நடத்தும், பெயர்ப்பலகைகூட இல்லாத ஓலைக் கொட்டகையில் கடந்த தை மாதம் மதிய உணவு சாப்பிட்டேன். 1964 டிசம்பர் புயல், பயணிகளோடு வந்த ரயிலையும் துறைமுகத்தையும் ஊரையும் ஒருசேர அடித்துச் சென்ற பின், மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த மண் இது. ஆனாலும் கடலை விட்டுப் போக மனம் வராத மீனவர்கள் இங்கேயே குடிசை போட்டார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதிலிருந்து, சிலர் மீன்பிடிப்போடு கடையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

சோறு, மீன்குழம்பு, பொரித்த பாறைமீன், கணவாய்த் தொக்கு ஆகியவை இலைக்கு வந்தன. காலையில் கரைவலையில் ஏறிய மீன் என்று பரிமாறிய அம்மா சொன்னார். விரல் பட்டதும் முள்ளைவிட்டுக் கழன்ற சதை அதை மெய்ப்பித்தது. குழம்பில் புளி சற்றுத் தூக்கல்தான் என்றாலும் மீனின் ருசியை அது அமுக்கவில்லை.

சாப்பாட்டைவிட என்னை நெகிழவைத்தது குடிக்கக் கொடுத்த தண்ணீர். இருபுறமும் கடல் சூழ்ந்த இந்த மணல்திட்டில் பெய்யும் மழை, மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்பதால், கடைக்குப் பின்னால் முழங்கால் அளவே தோண்டிய குழியில், ஊற ஊறச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். அந்தக் குழியைச் சுற்றி, மான் குளம்பைப் போலப் பிளந்த இலைகளோடு அடம்பங்கொடி படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கிறது.

கை கழுவிவிட்டு வெளியே நின்றால், தேங்கிய உப்புநீர்ப் பரப்பில் பூநாரைகள் மேய்வது தெரிகிறது. இப்பகுதியை 2025இல் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது மிக நல்ல முடிவு.

குறைகள் இரண்டு உண்டு. விலைப்பட்டியல் இல்லை, மீனின் அளவுக்கேற்ப விலை மாறுவதால், பொரிக்கக் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. சாப்பிட வருபவர்கள் எறிந்த நெகிழிக் குவளைகள் ஊற்றுக் குழிக்குப் பத்தடி தள்ளிக் கிடந்தது என்னை மிகவும் வருத்தியது. கடைக்காரர்கள் ஒரு குப்பைத்தொட்டியாவது வைக்க வேண்டும். போகிறவர்கள் ஒரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். நான் எழுந்தபோது பாறைமீன் தீர்ந்துவிட்டிருந்தது.