கட்டைவிரல் காட்டினால் என்ன அர்த்தம்? குரூப் ப்ராஜெக்ட் முடித்த கையோடு ஒரு புலம்பல்

விரைவில் ப்ராஜெக்ட் தொடங்கப்போகும் நண்பன் ஒருவன், "நீங்க எதுல பண்ணீங்க, எது நல்லா இருக்கு?" என்று கேட்டிருந்தான். பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதிவிடுகிறேன். ஐந்து பேர், ஆளுக்கொரு ஊர், ஒரு வருடத்துக்கு மேல் இழுத்த வேலை. பேசுவதற்கு வாட்ஸ்அப், எழுதுவதற்கு கூகுள் டாக்ஸ், எப்போதாவது முகம் பார்க்க ஜூம். எதில் என்ன வசதி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குச் சொல்ல இருப்பது, வந்த மெசேஜின் மேலேயே ரியாக்‌ஷனாக ஒட்டிவிடும் கட்டைவிரல் எமோஜியைப் பற்றி மட்டும்.

வாட்ஸ்அப்பில் ரியாக்‌ஷன் 2022 மே மாதம் வந்தது. நல்ல எண்ணத்தில் வந்ததுதான், மறுக்கவில்லை. அதற்கு முன்பு யாராவது குரூப்பில் ஒரு ஃபைலைப் போட்டால் 'ஓகே', 'ஓகே பா', 'நன்றி' என்று வரிசை கட்டி வந்து ஃபைலை மேலே தள்ளிவிடும். அப்புறம் ஸ்க்ரோல் செய்து தேட வேண்டும். இப்போது ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. "பத்து நிமிஷம் லேட்டாகும்" என்பதற்கெல்லாம் கட்டைவிரலைவிடச் சிறந்த பதில் கிடையாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் திட்டப் போகிறேன்.

வினை கேள்விகளில் ஆரம்பிக்கிறது. "மூணாவது சாப்டர் யார் எழுதறீங்க? ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்" என்று போட்டேன். நான்கு கட்டைவிரல்கள் வந்தன. கேட்டது 'யார்' என்று. வந்த பதில் 'ஆமாம்'. நான்கு பேருமே எழுதுகிறார்களா, இல்லை யாரோ ஒருவர் எழுதட்டும் என்று நான்கு பேரும் வாழ்த்துகிறார்களா? ஞாயிறு இரவு டாக்ஸைத் திறந்தால் 'அத்தியாயம் 3' என்ற தலைப்பு, அதற்குக் கீழே வெள்ளைப் பக்கம். தனித்தனியாகக் கேட்டேன். "பார்த்துட்டேன்னு சொன்னேன்" என்றார் ஒருவர். "தேதி ஓகேன்னு போட்டேன்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர்தான் நேர்மையானவர்: "எல்லாரும் போட்டிருந்தாங்க, நானும் போட்டேன்." நான்காமவரிடம் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

பார்த்துவிட்டேன் என்று சொல்லத்தான் நீல டிக் இருக்கிறதே! 2014-லிருந்து இருக்கிறது. மெசேஜை அழுத்திப் பிடித்து இன்ஃபோவுக்குப் போனால் யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்பது வரை தெரியும். இந்த நீல டிக்கைக் காட்டும் ரீட் ரிசீட்டை அணைத்து வைத்திருப்பவர்கள்கூட குரூப்பில் தப்ப முடியாது. ஆக, படித்தாயிற்று என்ற தகவல் எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. செய்வாயா, மாட்டாயா? தெரிய வேண்டியது அது ஒன்றுதான். கட்டைவிரல் அதற்கும் பதில் சொல்லிவிட்டதுபோல ஒரு பாவனை காட்டிவிட்டு நழுவிவிடுகிறது. போதாததற்கு, பிற்பாடு எடுத்தும்விடலாம். மெசேஜை அழித்தாலாவது 'அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி நிற்கும். ரியாக்‌ஷனை எடுத்தால் தடமே இருக்காது.

இதே குழப்பம் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் கோர்ட் வரை போயிருக்கிறது. 2021-ல் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, ஆளி விதை கொள்முதல் ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிப்படுத்தச் சொன்னது. அவர் கட்டைவிரல் எமோஜியை அனுப்பினார். ஆளி விதை வரவில்லை. 'ஒப்பந்தம் கைக்கு வந்தது என்றுதான் சொன்னேன், சம்மதம் என்று சொல்லவில்லை' என்பது அவர் கட்சி. அது சம்மதம்தான் என்று 2023-ல் தீர்ப்பாகி, 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. 2024-ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு நின்றது. படித்தபோது அந்த நீதிபதிக்கு ஒரு சால்வை போர்த்தலாம் என்று தோன்றியது. ஆனால் ஒன்று: அந்த விவசாயி அதற்கு முன்பும் 'ஓகே' என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பி, சொன்னபடி சரக்கைக் கொடுத்து வந்தவர். அந்தப் பழக்கத்தையும் கணக்கில் எடுத்துத்தான் நீதிபதி முடிவு சொன்னார். எங்கள் குழுவில் அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு நல்ல பழக்கம் இருந்ததில்லை.

வாட்ஸ்அப்பில் இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 2022 நவம்பரிலிருந்து போல் (poll) என்ற ஓட்டெடுப்பு வசதி இருக்கிறது. ஐந்து பேரையும் ஐந்து ஆப்ஷனாகப் போட்டு 'யார் எழுதுவது?' என்று கேட்டேன். ஓட்டு விழுந்தது. கூடவே அந்தப் போலுக்கே இரண்டு கட்டைவிரலும் விழுந்தது.

சரி, டாக்ஸுக்கு வருகிறேன். இங்கே எனக்குக் குறையே இல்லை. குறிப்பாக, பழைய வடிவங்களையெல்லாம் சேமித்து வைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரி. சமர்ப்பிப்பதற்கு முந்தின ராத்திரி பார்த்தால் முடிவுரையில் இரண்டு பத்தியைக் காணோம். யாரோ வெட்டிய இடத்தில் ஒட்ட மறந்திருக்கிறார்கள். ஹிஸ்டரியைத் திறந்து அன்று மாலைக்குப் போனேன். ஒவ்வொருவர் எழுதியதும் ஒவ்வொரு நிறத்தில், நேரத்தோடு இருக்கிறது. போன இரண்டு பத்தியும் எழுத்துப்பிழை உட்பட அப்படியே இருந்தன. காப்பி செய்து கொண்டுவந்து சேர்த்தேன். யார் வெட்டியது என்பதும் அந்த நிறத்திலேயே தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே கமென்டில் ஒருவரை டேக் செய்து, இது உன் வேலை என்று அவர் பெயரிலேயே ஒதுக்கவும் முடியும். நான்கு பேர் சேர்ந்து தலையாட்டிவிட்டுப் போக முடியாது. (டாக்ஸிலும் அதே 2022-ல் எமோஜி ரியாக்‌ஷன் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிட வரம்பு. எல்லோரும் இதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு இது வரம். முப்பதாவது நிமிடத்தில் யாருக்கும் ஊர்க்கதை பேசத் தோன்றாது. "சரி, யார் எதைப் பண்றது?" என்ற கேள்வி தானாக வரும், பதிலை வாயால்தான் சொல்ல வேண்டும். குழுவாகப் பேசிக்கொள்ளும் ஸ்லாக் செயலியையும் யோசித்தோம். இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய மெசேஜைப் பார்க்க முடியாது. எங்கள் வேலை அதைவிட நீளம் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

மதிப்பெண் போடுவதென்றால் டாக்ஸுக்கு ஐந்துக்கு ஐந்து. வாட்ஸ்அப்புக்கு நான்கு, யாருக்கும் புதிதாக எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, பெரிய ஃபைலைக்கூட டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாமல் போய்ச் சேர்ந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த இரண்டும் தாராளமாகப் போதும். வேறு எதையும் தேடி அலைய வேண்டாம்.

நான் மட்டும் அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு டெலிகிராம் போகிறேன். அங்கே குரூப் அட்மின் நினைத்தால் ரியாக்‌ஷனை மொத்தமாக அணைத்துவிடலாம். வேறு காரணம் எதுவும் இல்லை. பாதிப் பேர் அந்தச் செயலியை வைத்திருக்க மாட்டார்கள், வைத்திருப்பவர்கள் மியூட்டில் போட்டிருப்பார்கள், தெரியும். கட்டைவிரலைத் தனி மெசேஜாக அனுப்பலாமே என்று கேட்காதீர்கள். எமோஜி பலகையைத் திறந்து, அதைத் தேடி எடுத்து அனுப்பும் நேரத்தில் "நான் எழுதறேன்" என்றே டைப் செய்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.