டெஸ்க்டாப் அடிக்கடி ஹேங் ஆகிறதா? ஃபார்மட்டா, பென் டிரைவ் சோதனையா?

மவுஸ் அசையாது, கேப்ஸ் லாக் விளக்கு மாறாது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. இந்த நிலையில் பலரும் முதலில் சொல்வது, ‘ஃபார்மட் பண்ணிடு’. என்னைக் கேட்டால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

ஃபார்மட்டுக்கும் பலம் உண்டு. கெட்டுப்போன டிரைவர், பாதியில் நின்ற அப்டேட், ஒன்றோடொன்று மோதும் இரண்டு ஆன்டிவைரஸ் எல்லாம் ஒரே வீச்சில் ஒழியும். ஆனால் கோளாறு ரேமில் இருந்தால் அவ்வளவு உழைப்பும் வீண். டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். மிச்சமிருக்கும் கோப்புகளையும் இழக்க நேரிடும்.

பென் டிரைவில் உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது. அங்கேயும் ஹேங் ஆனால் விண்டோஸ் மேல் பழி போட முடியாது. ரேம், சூடு, பவர் சப்ளை, மதர்போர்டு என்று தேடலாம். ஆகவில்லை என்றால் சந்தேகம் விண்டோஸ் மேலும் டிஸ்க் மேலும் திரும்பும். ஒரு குறை: எப்போதாவது மட்டும் ஹேங் ஆகும் மெஷினில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

ரேமுக்கு விண்டோஸிலேயே ஒரு மெமரி சோதனை இருக்கிறது. எளிதுதான், ஆனால் அது ‘பிழை இல்லை’ என்றால் நான் நிம்மதி அடைய மாட்டேன். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை இரவு முழுக்க ஓட விடுவதே மேல். ஒரே ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் வேண்டாம். அதற்காக உடனே புது ரேம் வாங்கவும் வேண்டாம். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி-யை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். வேகத்தைக் கூட்டியதுதான் காரணம் என்றால் பிழை நின்றுவிடும். நிற்கவில்லையா, ரேமை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்.

டிஸ்க்கின் நிலையைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். ஹார்ட் டிஸ்க்கில் பெண்டிங் செக்டார் (சரியாகப் படிக்க முடியாத பகுதி) எண்ணிக்கை ஏறுகிறது என்றால் முதலில் கோப்புகளை நகலெடுங்கள். சிஆர்சி பிழை (தரவு வழியில் சிதைவது) மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம்.

அப்புறம், விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ தெரிந்தால் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கணினி முறையாக அணையவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் வரும். ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் ‘டபிள்யூஹெச்இஏ-லாகர்’ பிழை அங்கே இருந்தால்தான் ஹார்டுவேர் பக்கம் உறுதியாகத் திரும்பலாம். பவர் சப்ளையைச் சந்தேகித்தால், நன்றாக வேலை செய்யும் இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.