கருப்பா, வெள்ளையா, சிவப்பா? எந்த எள் எதற்கு

கொத்தவால்சாவடி மளிகைக் கடையில் மூன்று எள் மூட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் வாய் திறந்திருக்கும். கருப்புக்கும் வெள்ளைக்கும் ஆள் நிற்கும். சிவப்பை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

பொங்கல் சமயத்தில் மிண்ட் தெருப் பக்கம் விற்கும் கஜக், ரேவடி போன்ற வடநாட்டு எள் மிட்டாய்கள் எல்லாம் வெள்ளை எள். கசப்பு குறைவு, இனிப்புக்கு நன்றாக இருக்கும். ஆனால் பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் தோல் நீக்கியது. எள்ளின் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி தோலில்தான் இருக்கிறது. போன மாசியில் வண்ணாரப்பேட்டை வீட்டு மாடித் தொட்டிகளில் மூன்றையும் தூவினேன். கருப்பும் சிவப்பும் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டின. பளிச் வெள்ளையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. தோலோடு வேண்டுமென்றால் கொஞ்சம் மங்கலாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

எள்ளுருண்டை, இட்லிப் பொடி, புரட்டாசி எள்ளு சாதம் என்றால் கருப்புதான். அந்த மணம் வேறு எதிலும் வராது. வறுக்கும்போது மட்டும் நிறத்தை நம்ப முடியாது. படபடவென்று வெடிக்கிற சத்தம் அடங்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும்.

விளைச்சலில் நிறத்தைவிட ரகமும் விதைக்கும் பட்டமும்தான் பேசும். ரகங்களில் எஸ்விபிஆர் 1 வெள்ளை, பையூர் 1 கருப்பு, விஆர்ஐ 1 பழுப்பு. எல்லாம் ஏறக்குறைய 70 முதல் 90 நாள் பயிர். தண்ணீர் அதிகம் கேட்காது, தேங்கினால் செத்துவிடும். முற்றிய காய் நுனியில் வாய் பிளந்துவிடும். நான் இரண்டு நாள் தாமதித்ததில் பாதி விதை மாடித் தரையில் கிடந்தது. அதனால்தான் விவசாயி காய் வெடிக்கும் முன்பே அறுத்து, அடுக்கி வைத்து, காயவைத்து உதறுகிறார். அத்தனையும் கைவேலை. எள் விலையைப் பேரம் பேச எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

சரி, சிவப்புக்கு வருவோம். நல்லெண்ணெய்க்கு என் ஓட்டு இதற்கே. எள்ளின் எடையில் பாதியளவு எண்ணெய் உண்டு. மரச்செக்கில் அத்தனையும் இறங்காது. 5 கிலோ சிவப்பு எள்ளை, கருப்பட்டி சேர்த்து ஆட்டியதில் எனக்கு 2 லிட்டர் கிடைத்தது. செசமின், செசமோலின் என்று எள்ளிலேயே இருக்கும் பொருட்கள் எண்ணெயைச் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கவிடாது. மிஞ்சிய புண்ணாக்கைத் தெருக்கோடி மாட்டுக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.