எழுபது மணி தெரிகிறது, அறுபது மணி தெரியவில்லை: லொறிப் பணிநேரப் பதிவுக் கருவி ஒன்றின் மதிப்பீடு

கனடாவில் மாகாண எல்லைகளையும் நாட்டின் எல்லையையும் கடந்து ஓடும் பார லொறிகளில், சாரதிகள் பேச்சில் ஈ.எல்.டி. எனப்படும் மின்னணுப் பணிநேரப் பதிவுக் கருவி இருக்க வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2021 ஜூன் 12 அன்று நடைமுறைக்கு வந்து, 2023 ஜனவரி 1 முதல் முழுமையாக அமுல்படுத்தப்படுகிறது. நான் வேலை செய்யும் போக்குவரத்து நிறுவனம் மாதச் சந்தாவில் பெற்று எங்கள் லொறிகளில் பொருத்தியிருக்கும் கருவியையும் அதனுடன் வரும் செயலியையும் பற்றியதே இந்த மதிப்பீடு. விற்பனையாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அமெரிக்காவில் தயாரிப்பாளரே தன் கருவிக்குச் சான்றளித்துக்கொள்ளலாம்; கனடாவிலோ அங்கீகாரம் பெற்ற மூன்றாந் தரப்பு அமைப்பொன்று சோதித்துச் சான்றளித்த கருவிகளை மாத்திரமே பயன்படுத்தலாம். ஆகவே சட்டம் கேட்கும் பகுதிகளில் எல்லாக் கருவிகளும் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் நடந்துகொள்ளும். வாங்க நினைப்பவர் ஆராய வேண்டியது சட்டம் கேட்காத பகுதிகளை.

பொருத்துவது இலகு. இயந்திரத்தின் கணினியோடு இணையும் கண்டறி முனையில் ஒரு சிறு பெட்டியைச் செருகினால், அது புளூடூத் வழியாகக் கபினிலுள்ள தட்டுக்கணினியுடன் பேசத் தொடங்கும். லொறி மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தை எட்டியதும், சாரதி எதையும் தொடாமலேயே நிலை ‘வாகனம் ஓட்டுதல்’ என்று மாறிவிடும். நின்று ஐந்து நிமிடம் கழிந்ததும் செயலி ஒரு கேள்வி கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் அளிக்காவிட்டால் ‘பணியில், ஓட்டவில்லை’ என்று தானே பதிந்துகொள்ளும். இப்படித் தானாகப் பதிவான ஓட்டு நேரத்தைச் சாரதியும் சுருக்க முடியாது, அலுவலகமும் சுருக்க முடியாது. காகிதப் பதிவேட்டுக் காலத்தில் மொன்றியல் பயணத்தின் ஒரு மணித்தியாலம் பென்சில் முனையில் காணாமற் போனதை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அளவு புரியும்.

கருவியின் முகப்பில் வட்டங்களாகத் தெரிபவை கனடாவின் தென்பகுதிக்கான, அதாவது 60ஆம் அகலக்கோட்டுக்குத் தெற்கேயுள்ள, வரம்புகள். ஒரு நாளில் 13 மணித்தியாலம் ஓட்டலாம். எல்லா வேலையையும் சேர்த்து 14 மணித்தியாலம் பணியில் இருந்த பின் ஓட்ட முடியாது. வேலை தொடங்கி 16 மணித்தியாலம் கடந்துவிட்டால், இடையில் எவ்வளவு ஓய்வெடுத்திருந்தாலும், எட்டு மணித்தியாலம் தொடர்ச்சியாக ஓய்ந்த பின்னரே மீண்டும் சக்கரத்தைப் பிடிக்கலாம். படுக்கை அறையில் எடுக்கும் ஓய்வைப் பிரித்துக்கொள்வதற்கு மட்டும் தனி விதி உண்டு. நாளொன்றுக்கு ஓய்வு 10 மணித்தியாலம். அந்த எட்டுக்கு மேற்பட்ட இரண்டை அரை மணித்தியாலத்துக்குக் குறையாத துண்டுகளாக எடுக்கலாம். இவற்றுக்கு மேலே 7 நாளில் 70 மணித்தியாலம் என்ற முதலாம் சுழற்சியோ, 14 நாளில் 120 மணித்தியாலம் என்ற இரண்டாம் சுழற்சியோ இருக்கும். முதலாவதை 36 மணித்தியாலத் தொடர் ஓய்வாலும் இரண்டாவதை 72 மணித்தியாலத் தொடர் ஓய்வாலும் மீண்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவரலாம். இத்தனையையும் மனக்கணக்கில் வைத்திருந்த காலத்தை நினைத்தால், இந்த முகப்பு ஒன்றுக்கே கருவிக்கு நல்ல புள்ளி கொடுக்கலாம். எண்கள் பெரியவை, இரவில் கண்ணைக் கூசாத கருமைப் பின்னணியும் உண்டு.

வின்ட்சரில் பாலம் கடந்து மிச்சிகனுக்குள் நுழைந்ததும் செயலி அமெரிக்க விதிகளுக்குத் தானே மாறிக்கொள்கிறது. அங்கே ஓட்டுவதற்கு 11 மணித்தியாலம், வேலை தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலச் சாளரம், எட்டு மணித்தியாலம் ஓட்டுவதற்குள் அரை மணித்தியால இடைவேளை. கனடாவில் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு எல்லை தாண்டிய கணத்தில் மீதி நேரம் இரண்டு மணித்தியாலம் குறையக்கூடும். இந்தக் கருவி அந்த மாற்றத்தை முன்கூட்டியே காட்டுவதில்லை. கடந்த பின்னரே காட்டுகிறது. இது சிறு குறையன்று.

அதைவிட எரிச்சலூட்டுவது, சட்டம் தரும் சலுகைகளைச் செயலி ஒளித்து வைத்திருக்கும் விதம். நாளாந்த ஓய்வில் இரண்டு மணித்தியாலம் வரை மறுநாளைக்குத் தள்ளிப்போடும் உரிமை கனேடிய விதியில் உண்டு. சுப்பீரியர் ஏரிக்கரையோர 17ஆம் நெடுஞ்சாலையில் எதிர்பாராத பனிப்புயலில் அகப்பட்டால் ஓட்டும் நேரத்தை இரண்டு மணித்தியாலம் வரை நீட்டிக்கவும் இடமுண்டு. இவ்விரண்டையும் மூன்று படி உள்ளே ஒரு பட்டியலில் தேட வேண்டியிருக்கிறது. பணியில் இல்லாத வேளையில் லொறியைச் சொந்தத் தேவைக்கு ஓட்டுவதற்கான ‘தனிப்பட்ட பாவனை’ என்ற தெரிவு மட்டும் கண்முன்னே பளிச்சென்று நிற்கிறது. ஆனால் கனடாவில் அதை வெறும் வண்டியாக, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, நாளொன்றுக்கு 75 கிலோமீற்றருக்குள் மட்டுமே பயன்படுத்தலாம் என்பதைச் செயலி அழுத்தமாகச் சொல்வதில்லை. ஒன்ராறியோவின் 401ஆம் நெடுஞ்சாலையில் சேவை நிலையங்களின் லொறித் தரிப்பிடங்கள் இரவில் நிரம்பி வழியும் வேளையில், மீதி நேரம் கால் மணித்தியாலமாக இருக்கும் ஒரு சாரதி பாரத்தோடு அந்தப் பொத்தானை அழுத்த ஆசைப்படுவார். அழுத்தினால் அது மீறல்.

இனி, இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். கருவி எழுபது மணியைக் காட்டுகிறது. அறுபது மணியைக் காட்டுவதில்லை. எழுபது என்பது பாதுகாப்புச் சட்டத்தின் உச்சவரம்பு. அறுபது என்பது சம்பளச் சட்டத்தின் எல்லை. கூட்டாட்சித் தொழிற்சட்டத்தின் கீழ் வரும் நெடுஞ்சாலைச் சாரதி ஒருவருக்கு வாரத்தில் 60 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு வழக்கமான வீதத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்கப்பட வேண்டும். தன் தளத்திலிருந்து பத்து மைல் வட்டத்துக்குள் ஓடும் நகரச் சாரதிக்கு நாளில் 9, வாரத்தில் 45 மணித்தியாலத்துக்கு மேல் அதே உரிமை. ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடும் நிறுவனங்களுக்கு மாகாணச் சட்டம். அங்கேயும் நெடுஞ்சாலைக்கு 60, உள்ளூர் விநியோகத்துக்கு 50. கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வரும் மற்றத் தொழிலாளரில் பெரும்பாலானோருக்கு நாற்பது மணியில் தொடங்கும் மேலதிக நேரம், நெடுஞ்சாலை லொறிச் சாரதிக்கு அறுபதில்தான் தொடங்குகிறது என்பதே போதிய அநீதி என்று நினைக்கிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமோ மாநிலங்களுக்கிடையே ஓடும் கனரகச் சாரதிகளை மேலதிக நேரக் கொடுப்பனவிலிருந்து முற்றாகவே விலக்கி வைத்திருக்கிறது.

முதலாம் சுழற்சியில் ஓடுபவருக்கு அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையிலுள்ள பத்து மணித்தியாலமே மேலதிக நேரம் விளையும் நிலம். அந்த நிலத்தை அளக்கத் தேவையான தரவு முழுவதும் இந்தப் பெட்டிக்குள் நிமிடக் கணக்கில் இருக்கிறது. புறப்படுமுன் லொறியைச் சோதித்த நேரம், எரிபொருள் நிரப்பிய நேரம், களஞ்சியத்தின் ஏற்றுமேடையில் காத்திருந்த நேரம் எல்லாம் விதிப்படி பணிநேரமே. கிலோமீற்றர்க் கணக்கில் சம்பளம் பெறும் எங்களுக்கோ, சக்கரம் சுழலாத இந்த மணிகள் சம்பளச் சீட்டில் தோன்றுவதே அபூர்வம். கிலோமீற்றர்க் கணக்கில் சம்பளம் என்பதால் மேலதிக நேர உரிமை இல்லாமற் போய்விடாது; அதைக் கணக்கிட மணித்தியால வீதம் ஒன்றைப் பெற வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் 52 மணித்தியாலம் ஓட்டி, 14 மணித்தியாலம் ஏற்றி இறக்கவும் காத்திருக்கவும் செலவிட்டவர் 66 மணித்தியாலம் வேலை செய்திருக்கிறார். ஆறு மணித்தியாலம் ஒன்றரை மடங்குக்கு உரியது. கிலோமீற்றரை மட்டும் பார்க்கும் கணக்காளருக்கு அந்த ஆறும் தெரியாது, பதினான்கும் தெரியாது.

இதனால்தான் “அண்ணை, மேடையில நிக்கிற நேரத்தை ஓய்வில போட்டுவிடுங்கோ, உங்கட எழுபது மிச்சமாகும்” என்று எங்களைப் பயணத்துக்கு அனுப்பும் அலுவலகத்தார் அன்பாகச் சொல்லும் அறிவுரையைக் கவனமாகக் கேட்க வேண்டும். உண்மையில் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, லொறியை விட்டுப் போக முடிந்தால் அது ஓய்வு. ஏற்றி முடிக்கும்வரை வரிசையில் காத்துக் கிடந்தால் அது பணி. பொய்யாக ஓய்வென்று பதிந்தால் களைப்பை மறைக்கும் குற்றம் சாரதியின் பெயரில் விழும். மேலதிக நேரத்துக்கான சான்றும் அவர் கையாலேயே அழியும். அலுவலகம் பதிவில் திருத்தம் முன்மொழிந்தால் சாரதி ஏற்றால்தான் அது செல்லும். இந்தச் செயலி அந்தக் கோரிக்கையை ‘ஏற்றுக்கொள்’ என்ற பெரிய பச்சைப் பொத்தானோடும் ‘நிராகரி’ என்ற சிறிய சாம்பல் எழுத்தோடும் காட்டுவது தற்செயலா என்று தெரியவில்லை.

சம்பளத்துக்கு உதவும் ஒரே வசதி நாளாந்தப் பதிவுகளைத் தரவிறக்கும் வழி. வாரக் கூட்டுத்தொகை அதில் இல்லை. சுழற்சியின் ஏழு நாள் ஒவ்வொரு நாளும் நகர்ந்துகொண்டே இருக்கும். சம்பள வாரமோ ஒரு குறித்த நாளில் தொடங்கி ஒரு குறித்த நாளில் முடியும். ஆகவே முகப்பில் தெரியும் சுழற்சி எண்ணைச் சம்பள வாரத்தின் எண்ணாக எடுத்தால் கணக்குப் பிழைக்கும். நான் ஒவ்வொரு வாரமும் பதிவுகளை இறக்கி, ‘ஓட்டுதல்’, ‘பணியில்’ ஆகிய இரு நிரல்களையும் ஓர் அட்டவணையில் கூட்டி வைத்துக்கொள்கிறேன். நிறுவனம் பதிவுகளை ஆறு மாதம் வைத்திருந்தாற் போதும் என்பதால், சொந்தப் பிரதி அவசியம். விலை கூடிய சந்தாவில் சம்பள மென்பொருளோடு இணைப்பு உண்டென்று விற்பனையாளர் விளம்பரப்படுத்துகிறார். அதுவும் மைல்களை அனுப்புமே தவிர அறுபதைக் கடந்த மணிகளைத் தனியே பிரித்துக் காட்டுவதில்லை.

வீதிச் சோதனையில் கருவி குறை வைக்கவில்லை. பரிசோதகரின் மின்னஞ்சலுக்கு, அன்றைய நாளோடு முந்தைய பதினான்கு நாள்களின் பதிவும் உடனே போய்ச் சேர்ந்தது. கருவி பழுதானால் பயன்படுத்த, 15 நாளுக்குப் போதுமான வெற்றுக் காகிதப் படிவங்கள் கபினில் இருக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். தொலைபேசி உதவி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கிடைக்கிறது. செயலிக்குப் பஞ்சாபி முகப்பு இருக்கிறது, தமிழ் முகப்பு இல்லை. ஸ்காபரோவில் எத்தனை தமிழ்ச் சாரதிகள் இருக்கிறார்கள் என்பதை விற்பனையாளர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

தன் பெயரில் நிறுவனம் பதிந்து, இன்னொருவரின் லொறியை ஓட்டி, வரிப்பிடித்தம் இல்லாத காசோலை வாங்கும் ‘டிரைவர் இன்க்’ முறையில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன ஒன்றரை மடங்கு கைக்கு வருவதில்லை. ஊழியரை ஊழியரல்லாதவராக நடத்துவது 2021 ஜனவரி முதல் கூட்டாட்சித் தொழிற்சட்டத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. யாருடைய லொறி, யார் நேரம் குறிக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கருவியின் பதிவே ஒரு சான்றாகலாம்.

தளத்திலிருந்து 160 கிலோமீற்றர் வட்டத்துக்குள் ஓடி அன்றாடம் திரும்புபவருக்கோ, 2000ஆம் ஆண்டு மாதிரிக்கு முந்திய லொறி வைத்திருப்பவருக்கோ இந்தச் செலவு பெரும்பாலும் தேவையில்லை. மற்றவர்களுக்கு, வரம்பைக் காக்கும் கடிகாரமாக ஐந்துக்கு நான்கு புள்ளி. சம்பளத்தைக் காக்கும் கணக்குப் புத்தகமாக ஒன்றரை. வாங்குமுன் விற்பனையாளரிடம், சம்பள வாரத்தின் தொடக்க நாளை நிர்ணயித்து மொத்தப் பணிநேரத்தை ஒரே பக்கத்தில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.