பெருச்சாளி வளை மேல் புல் விதைக்கிறார்கள்: காட்பாடி, வேலூர்க்காரர்கள் கவனத்திற்கு

காட்பாடியிலிருந்து திருவலம் போகும் பக்கம், நெல் வயலாக இருந்து மனையான இடங்களில் வீடு கட்டியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதை தூவிப் புல்தரை அமைத்துத் தருகிறேன் என்று வரும் ஒருவரிடம் ஏமாந்து நிற்கிறோம். பெயரைப் போடவில்லை, வேலை செய்யும் விதத்தைச் சொன்னாலே அடையாளம் தெரிந்துவிடும்.

அவர் கொடுத்த விலைப்புள்ளியில் ‘எலி வளைகளை அகற்றுதல்’ என்று தனி வரி, அதற்குத் தனித் தொகை. நடந்தது என்னவென்றால், ஒரு டிராக்டர் செம்மண்ணை வளைகளின் மேல் கொட்டி, உருளையை ஓட்டி, மாலைக்குள் விதையையும் தூவிவிட்டார்கள். வளை அப்படியே இருந்தது, வாய் மட்டும் மூடியது. தை அறுவடை முடிந்து வயலில் தீனி தீர்ந்துபோன நேரம் அது. சுற்றுவட்டாரத்து எலிகளெல்லாம் காம்பவுண்டுக்குள் புகும் பருவம் என்பது இந்த ஊரில் தோட்ட வேலை எடுப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா?

பெர்முடா புல் விதை கசகசாவைப் போலப் பொடியானது. மேலோட்டமாகத் தூவி, நாளுக்கு இரண்டு மூன்று முறை பூவாளியால் நனைத்துக்கொண்டே இருந்தால்தான் முளைக்கும். அந்த ஈர மண்தான் பெருச்சாளிக்கும் வசதி. முளை எட்டிப்பார்த்த வாரத்தில் தரை முழுக்கப் புதுமண் குவியல்கள். குவியலுக்கு அடியில் கிடந்த முளை செத்தது. ஊற்றிய தண்ணீர் வளைக்குள் இறங்கி விதையையும் இழுத்துக்கொண்டு போனது. விதையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தோல் நீக்கிய விதை 1000 சதுர அடிக்கு ஒரு கிலோ இருந்தால் தாராளம். அவர் 4 கிலோவுக்குப் பில் எழுதினார். வந்ததோ லேபிளே இல்லாத சாக்கு. முளைப்புத் திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் சோதித்தது, எதுவும் இல்லை.

முறையிட்டதும் அவர் சொன்ன மருந்து இன்னும் அழகு. சூரிய ஒளியில் இயங்கி, மண்ணுக்குள் அதிர்வு எழுப்பும் குச்சிகள்; அதற்குத் தனி விலை. பெட்டியில் ‘மோல்’ என்ற வெளிநாட்டுப் பிராணியின் படம். அந்தப் பிராணி தமிழ்நாட்டிலேயே கிடையாது. நம் ஊர்ப் பெருச்சாளி அந்தக் குச்சிக்குப் பக்கத்திலேயே மறுநாள் மண் தள்ளியிருந்தது.

இதுவரை போனது பணம்தான். அடுத்து நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவே. ஒரு நாள் உதவிக்கு வரும் பையனிடம் காகிதத்தில் மடித்த மாத்திரைகளைக் கொடுத்து, வளைக்குள் போட்டு மண்ணால் மூடச் சொல்லி அனுப்பியிருக்கிறார். கையுறை கூட இல்லை. இடம், படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. எதிர்வீட்டுப் பெரியவர் நெல் மண்டியில் இருந்தவர். பார்த்ததுமே, “தம்பி, அதைத் தொடாதே, அப்படியே வை” என்று குரல் கொடுத்துவிட்டார். அது அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டால் பாஸ்பின் வாயு கிளம்பும், முறிமருந்து கிடையாது. சுவர் விரிசல் வழியாக வீட்டுக்குள் வந்தால் உறங்குபவர்களின் கதி என்ன? பொதுமக்களுக்கு இதைச் சில்லறையில் விற்கவே கூடாது. அரசுத் துறைகளும், நிபுணர் மேற்பார்வையில் பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும்தான் கையாளலாம். குருணை மருந்து போடலாம் என்று யாராவது திம்மட்டை நீட்டினாலும் வாங்காதீர்கள். அதில் இருக்கும் போரேட் என்ற நஞ்சு 2020 இறுதியோடு நாட்டிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது.

கடைசியில் வேலையை முடித்தவர்கள், பெரியவர் அழைத்து வந்த இருளர் தம்பதி. மாலையில் எல்லா வளை வாயையும் மண்ணால் அடைத்தார்கள். காலையில் எவை திறந்திருந்தனவோ அவற்றில் மட்டும் எலி இருக்கிறது என்று அர்த்தம். பானையில் வைக்கோலைப் புகையவிட்டு ஊதி, வெட்டிப் பிடித்தார்கள். உள்ளே ஓர் அறை நிறைய நெற்கதிர்! அதையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள், அது அவர்கள் வழக்கம். வளையை அடிவரை வெட்டி மண்ணைக் கெட்டித்த பிறகுதான் மறுபடியும் விதைத்தோம்.

அந்த ஆள் இப்போது சத்துவாச்சாரிப் பக்கம் விலைப்புள்ளி கொடுத்து வருவதாகக் கேள்வி. வந்தால், விதைப்பதற்கு முன் ஒரு வாரம் தரையைச் சும்மா விட்டு, புதுமண் குவியல் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த தவணை என்று எழுதி வாங்குங்கள். விதைப் பையின் லேபிளையும் பில்லையும் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நாங்கள் நோட்டீஸ் அனுப்பிவிட்டோம். இதே ஆளிடம் மாட்டியவர்கள் இருந்தால் உங்கள் பில்லோடு வாருங்கள், சேர்ந்தே போடலாம்.