தவறைத் தேடுவதா, வேலையைப் பார்ப்பதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் பல வருடம் வேலை பார்த்தேன். ஒரு மதியம், டையில் (தகடுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) சிக்கிய தகடை எடுக்கப் போன அண்ணன் ஒருவரின் விரல் நுனி நசுங்கியது. மறுநாள் விசாரணை. "மெஷினை நிறுத்தாமல் கை விட்டது ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதி, மெமோ கொடுத்து, ஃபைலை மூடினார்கள்.

இது பழைய வழி. விபத்துக்குப் பின் காரணம் தேடி, விதியை மீறியவரைப் பிடித்து, இன்னொரு விதியைச் சேர்ப்பது. இன்னொரு வழி ரெசிலியன்ஸ் இன்ஜினியரிங், அதாவது மீள்திறன் பொறியியல். எரிக் ஹோல்நாகல், டேவிட் வுட்ஸ் போன்றவர்கள் 2000-க்குப் பிறகு வளர்த்த துறை. மற்ற நாட்களில் இதே வேலை எப்படிச் சரியாக நடக்கிறது என்றும் அது கேட்கும்.

எங்கள் பிரஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சை அணைத்தாலும் பிரஸ்ஸை ஓட்டும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் உடனே நிற்காது. தகடு சிக்கும்போதெல்லாம் அது முழுதாக நிற்கும்வரை காத்திருந்தால் ஷிப்ட் எண்ணிக்கை வராது. நிறுத்தச் சொன்ன அதே நிர்வாகம்தான் எண்ணிக்கையும் கேட்டது. பக்கத்து பிரஸ்ஸில் இருந்த மூத்தவர், நீளக் கம்பியின் நுனியை வளைத்துக் கொக்கி செய்து வைத்திருந்தார். அவர் கை டைக்குள் போகாது. தகடு ஏன் அடிக்கடி சிக்குகிறது என்று அவரைக் கேட்டிருந்தால், டை தேய்ந்த கதையைச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதற்காகப் பழைய வழியைத் தூக்கிப் போட முடியாது. இயந்திரத்துக்குத் தடுப்பு போடுவதில் பேரம் கிடையாது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே அதைச் சொன்னது. ரிப்பேருக்கு முன் மின்சாரத்தை அணைத்து, வேறு யாரும் போட முடியாதபடி ஸ்விட்சைப் பூட்டுவதும் அப்படித்தான். புது வழியிலும் ஓர் ஆபத்து உண்டு: கொக்கியைப் பாராட்டிவிட்டு டையை மாற்றாமல் விடுவது.

ஆனால் எழுதி வைக்காத நிலைமை வந்தால் பழைய வழி கைவிட்டுவிடும். உடனே செயல்படுவது, கண்காணிப்பது, கற்றுக்கொள்வது, முன்கூட்டி யோசிப்பது என நான்கு திறன்களை ஹோல்நாகல் சொல்கிறார். எங்கள் அவசரகாலத் திட்டமோ தீயை மட்டும் நினைத்து எழுதியது. எல்லோரும் கேட் அருகே கூட வேண்டும். 2015 டிசம்பர் மழையில் கேட் அருகேதான் தண்ணீர் அதிகம். செக்யூரிட்டி அண்ணன் எங்களை மாடிக்கு அனுப்பினார். எலக்ட்ரீஷியன் தண்ணீர் ஏறும் முன்னே மின்சார பேனலை அணைத்தார். ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சொன்னதால் தப்பித்தோம்.

மெமோ பயம் இருக்கும் இடத்தில் அந்தப் பேச்சு வராது. ஷிப்ட் மாறும்போது "எல்லாம் ஓகே" என்று கிளம்பிவிடுவார்கள். அதனால் தடுப்பு, பூட்டு இரண்டுக்கும் பழைய வழி, மற்றதற்கெல்லாம் புதியது என்பதே என் தேர்வு. தொடங்க 10 நிமிடம் போதும். இரண்டு ஷிப்ட்காரர்களும் ஒன்றாக நின்று, "இன்றைக்கு எது இடக்கு பண்ணியது, எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். சூப்பர்வைசர் அதை எழுதி, டையை டூல் ரூமுக்கு அனுப்பிவிட்டு, எப்போது திரும்பி வரும் என்று மறுநாள் அதே இடத்தில் சொல்ல வேண்டும்.