நான்கு ஆண்டு ஆலோசனையும் ஒரு பக்க ஒப்பந்தமும்

2021 ஆகஸ்டிலிருந்து ஒரே உளவியல் ஆலோசகரிடம், முதல் ஆண்டு வாரம் ஒருமுறையும் அதன்பின் மாதம் இருமுறையுமாக, பெரும்பாலும் காணொளி வழியாகப் பேசி வருகிறேன். சிகிச்சையின் பலனைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஓர் அமர்வுக்கும் அடுத்த அமர்வுக்கும் இடைப்பட்ட நாள்களில் கைபேசி வழியாக எங்களுக்குள் எது கூடும், எது கூடாது என்று வகுத்துக்கொண்ட எல்லைகள் நடைமுறையில் எப்படி இருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன், 2020 பொதுமுடக்கத்தின்போது, வேறொரு மையத்தில் இரண்டு அமர்வுகள் பேசியிருந்தேன். அறிவிப்புகள் அனுப்ப வசதியாக இருக்கும் என்று, ஆலோசனை பெறுபவர்கள் எல்லோரையும் யாரிடமும் கேட்காமல் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்தது. அவர்களில் ஒருவர் என் கணவரின் அலுவலகத்தில் பணிபுரிபவர். உடனே விலகினேன். ஆனால் அந்நாளில் குழுவிலிருந்து ஒருவர் விலகினால் அதுவும் எல்லோர் பார்வைக்கும் ஒரு வரியாக வந்து விழும். மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உரிமையாகவே தருகிறது. அது அன்று எனக்குத் தெரிந்திருந்தால் மௌனமாக விலகியிருக்க மாட்டேன், எழுத்தில் முறையிட்டிருப்பேன்.

இப்போதைய ஆலோசகர் முதல் அமர்வில் இருபது நிமிடங்களை ஒரு பக்க ஒப்பந்தத்துக்காகவே ஒதுக்கினார். நேரத்தை மாற்றவும் உறுதி செய்யவும் மட்டுமே வாட்ஸ்அப், மாலை ஆறு மணிக்குமேல் பதில் வராது, ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒருவரையொருவர் பின்தொடர்வதில்லை, என்னைப் பற்றி இணையத்தில் அவர் தேடமாட்டார், இருவருமே அமர்வைப் பதிவு செய்வதில்லை, என் உயிருக்கு ஆபத்து என்று கருதினால் மட்டும் நான் எழுதிக்கொடுத்த ஒருவரை அழைப்பார் என்பவை அதில் இருந்தன.

முதல் ஆறு மாதங்கள் இந்த எல்லைகள் என்னை வருத்தின என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு, மாமியாருடன் நடந்த சண்டையை முழுவதுமாக எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, "படித்தேன். புதன்கிழமை இதிலிருந்தே தொடங்குவோம்" என்று மட்டும் வந்தது. புதன்கிழமை அவர் சொன்ன காரணம் எனக்கு நியாயமாகப் பட்டது: என் முகத்தைப் பார்க்காமல், வீட்டு வேலைகளுக்கு நடுவே அவர் தட்டி அனுப்பும் ஒரு வரியை அந்த மனநிலையில் நான் எப்படி வேண்டுமானாலும் புரிந்துகொள்ளக்கூடும். மேலும், எழுதியது இரண்டு கைபேசிகளிலும் தங்கிவிடும். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்யும் வாட்ஸ்அப்பின் முழுமறையாக்கம், செய்தி போகும் வழியில்தான் காவல். கைபேசியைக் கையில் எடுப்பவரிடமிருந்து அது காக்காது. பேக்கப்பை மறையாக்கம் செய்யும் வசதி 2021இல் வந்தாலும், அதை நாமேதான் அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டும். என் மகள் பாட்டு கேட்கும் அதே கைபேசியில்தான் என் செய்திகளும் இருந்தன. திரையின் மேல்பகுதியில் தோன்றிய ஒன்றை அவள் சத்தமாக வாசித்த நாளில்தான் முன்னோட்டத்தை நிறுத்தினேன்.

பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்திலிருந்து ஆயிரக்கணக்கானோரின் அமர்வுக் குறிப்புகள் திருடப்பட்டு, 2020 அக்டோபரில் சிகிச்சை பெற்றவர்களுக்கே நேரடியாகப் பணம் கேட்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் போன செய்தியைப் படித்தபின், என் குறிப்புகள் எங்கே இருக்கின்றன என்று ஆலோசகரிடம் கேட்டேன். பெயருக்குப் பதில் எண் இட்ட காகித நோட்டில் எழுதி, பூட்டிய அலமாரியில் வைப்பதாகச் சொன்னார். எல்லோரும் இதைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஓட்டைகளும் இருந்தன. கட்டணத்தை யுபிஐ வழியாகச் செலுத்தியபோது ஆலோசனை மையத்தின் பெயர் கூட்டுக் கணக்கின் அறிக்கையில் அப்படியே பதிவானது. அதை இருவருமே யோசிக்கவில்லை. என் பெயரில் தனிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் அது தீர்ந்தது. சுவர் மெல்லிய வீட்டில் காணொளி அமர்வுக்கு இன்றுவரை நல்ல வழி இல்லை. மொட்டைமாடிதான், மழை பெய்தால் தள்ளிவைப்புதான்.

கடினமான சோதனை 2023 டிசம்பரில் வந்தது. அவர் விடுப்பில் இருந்தார், எனக்கோ மிக மோசமான இரவு. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்தேன். முன்பின் அறியாத ஒருவரிடம் தமிழில் முக்கால் மணி நேரம் பேசினேன், விடிந்தது. அடுத்த அமர்வில் கால் மணி நேரம் ஆலோசகர் மீதிருந்த கோபத்தைத்தான் கொட்டினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அந்தத் தாளை எடுத்து இருவருமாகத் திருத்தினோம். விடுப்பை இரண்டு வாரம் முன்பே சொல்வார். அந்நாள்களுக்கு மாற்று ஆலோசகர் ஒருவரின் எண்ணும், அவரிடம் என்னைப் பற்றி எதுவரை சொல்லலாம் என்று நானே எழுதிய இரண்டு வரிகளும் இப்போது அதில் உள்ளன.